உயிர் பூச்சியம்

“உங்க பேருக்கு நேரா ‘உயிர் பூச்சியம்’னு எழுதியிருக்கு மதினி.”

மலையாண்டி நோட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு சொன்னான். பாண்டியம்மாளுக்கு எழுத்து தெரியாது. பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் பையன் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போன நேரம், விரித்துக் கிடந்த நோட்டைப் பார்த்துவிட்டு மனசு கேட்காமல் கொழுந்தனைக் கூப்பிட்டிருந்தாள்.

“நல்லாப் பாத்துப் படிப்பா.”

“எழுத்துக் கூட்டித்தான் படிக்கேன். மேல சிகப்பு மையில ‘தீவிரம்’னு போட்டு ரெண்டு கோடு கிழிச்சிருக்கான். ரேடியோவுல அன்னாடம் சொல்றாகளே தீவிரவாதின்னு, அதேதான். கீழ நம்மூரு ஆளுக பேரு. மொதப் பேரே உங்க பேருதான்.”

“ஒம் பேரு?”

“இருக்கு. எனக்கு உயிர் நாலு.” விரல் விட்டு எண்ணினான். “நானு, அவ, புள்ளைக ரெண்டு. நாங்க அம்புட்டுப் பேரும் தப்பிச்சோம் மதினி!”

“அடப்பாவி, இதுல சந்தோசம் வேறயா ஒனக்கு!”

அந்தப் பையன் ஆன்றோ, மதுரைக் காலேஜில் படிக்கிறவன். இந்த ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆகிறது. முகத்தைப் பார்த்தால் பச்சைப்பிள்ளை. ஆனால் தினமும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வயலில் குழி தோண்டுவான். “வருசத்துக்கு எத்தனை போகம்மா? எத்தனை தடவை மருந்து அடிப்பீங்க?” என்று பேச்சுக் கொடுப்பான். கட்டிலுக்கு அடியில் கம்பிச் சுருள், மூடி போட்ட பாட்டில்கள். சுவரில் ஊர்ப் படம், கிணறு கிணறாகப் புள்ளி.

அதற்கும் மேலே ஒரு பயம். மகள் ஜெயக்கொடி போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். வீட்டை விசாரிக்க இன்றைக்குத்தான் மேலூரிலிருந்து ஏட்டு வருகிறார். தீவிரவாதிக்குச் சோறு போட்ட வீடு என்று தெரிந்தால் வேலை போச்சு.

ஈரத்துண்டோடு ஆன்றோ அறைக்குள் நுழைந்ததுதான் தாமதம், மலையாண்டி பாய்ந்து வெளித்தாழ்ப்பாளைப் போட்டான்.

“அம்மா! கதவு மாட்டிக்கிருச்சு போல!”

வாசலில் புல்லட் வந்து நின்றது.

ஏட்டு நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தார். “வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“நானும் மகளும்தான்யா.” நோட்டை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

உள்ளே கதவு தடதடத்தது.

“அது யாரு?”

“கன்னுக்குட்டி” என்றான் மலையாண்டி.

“அம்மா, கதவைத் திறங்க!” என்றது கன்னுக்குட்டி.

சொன்னால் மகள் வேலை போகும். சொல்லாவிட்டால் மகளே போய்விடுவாள். உயிர் பூச்சியம் என்றால் அவளும் சேர்த்தித்தானே? பாண்டியம்மாள் பொத்தென்று தரையில் உட்கார்ந்து, நோட்டை எடுத்து ஏட்டிடம் நீட்டினாள்.

“ஐயா, உள்ள ஒரு தீவிரவாதி இருக்கான்யா! எம் மகளுக்கு ஒண்ணுமே தெரியாதுய்யா!”

ஏட்டு நோட்டைப் படித்துவிட்டு, லத்தியோடு எழுந்து தாழ்ப்பாளைத் தட்டிவிட்டார். ஆன்றோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

“என்னடா இது? தீவிரம், உயிர், பூச்சியம்?”

“சார், அது விவசாயத் தீவிரம் சார்! எம்.எஸ்சி. ஆராய்ச்சி. நிலத்துக்கு ஓய்வே குடுக்காம, உரத்தையும் பூச்சி மருந்தையும் கொட்டி யார் அதிகமா வெள்ளாமை எடுக்குறாங்கன்னு வரிசைப்படி எழுதியிருக்கேன். உயிருன்னா மண்புழு, தவளை சார். குழி குழியா எண்ணினது.”

ஏட்டு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். லத்தி கீழே இறங்கியது. மலையாண்டி மெல்ல, “அப்ப நாலும் மண்புழுவா?” என்றான்.

பாண்டியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஏட்டையா காது கேக்க ஒரு வார்த்தை சொல்லிரு தம்பி. இந்த வீட்ல தீவிரம்னு யாரும் இல்லைதானே?”

ஆன்றோ தலையைச் சொறிந்தான்.

“நீங்க இருக்கீங்களேம்மா.”