மீசை வாத்துக்கு ஒரு சீட்டு

"கையைத் தூக்கிப் பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா சார்? கொடிக்கம்பம்கூடத்தான் நாள் பூரா நிக்குது."

குரல்காரர் மேனேஜரிடம் இதை மெதுவாகச் சொல்லவில்லை. மேஜைக்கு அடியில் பலகைமீது மல்லாந்து கிடந்த கைக்காரருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

மேஜைக்கு மேலே மீசை வாத்து அலகைப் பிளந்தபடி இருந்தது. டிவியில் செய்தி வாசிப்பவரைக் கிண்டல் செய்யத் தைத்த துணிப் பொம்மை. ஒருநாள் நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட, மீதி நேரத்தை ஓட்ட 'மீசையில எறும்பு' என்று எதையோ பாடிவைத்தது. இப்போது ஆட்டோ, சலூன், ஆஸ்பத்திரி வராந்தா, எங்கே போனாலும் அந்த எறும்புதான். இனி டிவி வேண்டாம், ஊர் ஊராக மேடைக் கச்சேரி என்று கம்பெனி முடிவுசெய்துவிட்டது.

வாத்துக்கு இரண்டு ஆள். பாட்டும் பேச்சும் குரல்காரர். அலகு, இறக்கை, புருவம் எல்லாம் கைக்காரர். அவர் முன்பு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். இடுப்பு விட்டுப்போன பிறகு, படுத்துக்கொண்டே செய்கிற வேலை என்று இங்கே வந்து சேர்ந்தார்.

"வேன்ல வாத்துக்கு ஒரு சீட்டு போயிடுது," என்றார் மேனேஜர். "மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் வர முடியும். இன்னொருத்தருக்கு இனிமே இங்க வேலை இல்ல."

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? பாட்டைக் கேக்கத்தான கூட்டம் வருது? கையை நானே விட்டுக்கறேன். உள்ள என்ன இருக்கு, பெரிய சைஸ் சாக்ஸ்."

"அண்ணே, புருவத்துக்கு ஒரு கம்பி இருக்கு," என்று அடியிலிருந்து சத்தம் வந்தது. "சுண்டுவிரலால இழுக்கணும்."

"நீ சும்மா கெட தம்பி. புருவத்தைப் பாக்கவா ஜனம் டிக்கெட் வாங்குது?"

பதிலுக்கு வாத்துதான் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்திக் குரல்காரரை ஏற இறங்கப் பார்த்தது.

மேனேஜர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "ரெக்கார்டிங் எல்லாம் முடிஞ்சுதா?" என்றார்.

"எல்லாப் பாட்டும் ஒரே மூச்சுல. வேணும்னா அவரைக் கேளுங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் தலையாட்டினார்.

"நடுநடுவுல பேசுறது?"

"நீங்க கேட்டதுக்கு மேலயே குடுத்திருக்கேன் சார். வணக்கம், கிண்டல், தும்மல், கொட்டாவி, தண்ணி கேக்குறது, தண்ணி குடிக்கிறது. கடைசியில 'அழாம வீட்டுக்குப் போங்க மக்களே'ன்னு சொல்லுவேன்ல, அதைச் சிரிச்சு ஒண்ணு, விம்மி ஒண்ணு."

"அப்ப ஒரு குறையும் இல்ல," என்றார் மேனேஜர்.

ஜெயித்துவிட்டவருக்கு வரும் கருணை குரல்காரருக்கும் வந்தது. மேஜைத் துணியை விலக்கிக் குனிந்தார்.

"மனசுல வெச்சுக்காத தம்பி. கை ஊர்ல எல்லாருக்கும் இருக்கு. குரல் யாரோ ஒருத்தனுக்குத்தான் அமையுது. எங்கயாவது வேலை இருந்தா சொல்லிவிடறேன்."

"மூட்டை மட்டும் வேணாம்ணே," என்றார் கைக்காரர், கையை இறக்காமலேயே. "இன்னொரு தடவை இடுப்பு போச்சுன்னா என்னையத்தான் நாலு பேர் தூக்கணும். பாப்பாவை இப்பதான் ஸ்கூல்ல சேத்திருக்கேன்."

"பாக்கலாம், பாக்கலாம்."

மேனேஜர் வேன் சாவியை எடுத்தார். குரல்காரர் காலையிலேயே கட்டி வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"நீங்க எங்க கெளம்பிட்டீங்க?"

"வேனுக்கு சார்."

"உங்களைத்தான் தும்மலோட முழுசா பென்டிரைவ்ல ஏத்தியாச்சே. என் சட்டைப் பாக்கெட்லயே வந்துடுவீங்க. தம்பியோட கையை நான் எதுல ஏத்துறது?"

குரல்காரர் வாயைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்ட, மீசை வாத்து இறக்கையை அசைத்து, குரல்காரரின் சொந்தக் குரலிலேயே விம்மியது.

"அழாம வீட்டுக்குப் போங்க மக்களே."