சுத்தமான சீட்டு

"இன்னைக்கும் வரலைன்னு சொன்னீங்க, உங்க பையைத் தூக்கிட்டுப் போற மாதிரி உங்களையும் தூக்கிட்டுப் போயிடுவேன்க்கா. சொல்லிட்டேன்!"

சொன்னதைச் செய்துவிட்டாள் சின்னவள். வேலைக்கு லீவு போட்டு, ஓரகத்தியைப் பேருந்தில் ஏற்றி, இதோ ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வைத்தும் ஆயிற்று. பெரியவள் கையில் டோக்கன், நாற்பத்தேழு. உள்ளே நாற்பத்து மூன்று நடந்துகொண்டிருந்தது.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருக்கும் இருவருக்கும், பிஸ்கட் கம்பெனியில் ஒரே மேசையில் வேலை. அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். பெரியவள் அதில் எமகாதகி. தப்பான பெட்டியில் ஒட்டிவிட்டால்கூட, ஓரம் கிழியாமல் உரித்து வேறு பெட்டியில் ஒட்டிவிடுவாள். சூப்பர்வைசரே பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் தெரியாது.

நாலு மாதத்துக்கு முன் கம்பெனியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள்.

"பொண்ணுங்களுக்கு ஸ்கூல்லயே ஊசி போட்டாச்சு. அம்மாக்களுக்குத்தாம்மா இந்த டெஸ்ட். நீங்களே பாத்ரூமுக்குப் போய் எடுத்து, குப்பியில போட்டுக் குடுத்தா போதும். யாரும் பார்க்க மாட்டாங்க" என்று நர்ஸ் தலையால் தண்ணீர் குடித்தாள். நாற்பது பெண்களும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ அவர்களைத் திருடிகள் என்று சொல்லிவிட்டது போல.

முதலில் எழுந்தவள் சின்னவள்தான். பெரியவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காரணம் இருந்தது. அப்போது பெரியவளுக்கு இரண்டு மாதமாக நடுநடுவே தீட்டுப் பட்டுக்கொண்டிருந்தது.

"வேணாம்டி. பொண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பேசிட்டிருக்கிற நேரம். என் பேர்ல எதையாவது எழுதிக் குடுத்துட்டா அவ வாழ்க்கை என்னாகும்?"

"உங்க உயிரு என்னாகும்? நடங்கக்கா!"

அவர்களைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். குப்பிகளுக்குப் பெயர் லேபிள் ஒட்டிக் கொடுத்தவர்களும் இவர்கள் இருவர்தான். பேக்கிங்காரிகளுக்குக் கை சும்மா இருக்குமா?

பதினைந்து நாளில் சீட்டு வந்தது. சின்னவளுக்குச் சுத்தம். பெரியவளுக்குக் கிருமி இருக்கிறது, மேல் பரிசோதனைக்கு உடனே வரவும் என்று போட்டிருந்தது.

பெரியவள் சின்னவளைக் கட்டிக்கொண்டு, "பாவி நான், பாவி நான்" என்று அழுத அழுகையில் மாடி வீடே கலங்கிப்போயிற்று.

"கிருமின்னா புற்றுநோய்னு அர்த்தம் இல்லக்கா. சீக்கிரம் பார்த்தா சுலபமா சரி பண்ணிடலாம்னு நர்ஸ் சொன்னாங்களே!" என்று சின்னவள் தேற்றினாள். தேற்றி என்ன பயன்? கூப்பிடும்போதெல்லாம், "பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்று பெரியவள் தள்ளிப்போட்டாள். போன வாரம் கல்யாணமும் முடிந்தது. அதற்கு மேல் சின்னவள் விடுவதாக இல்லை.

"நாப்பத்தஞ்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பெரியவள் சீட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "உனக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

"எனக்கு என்ன?"

"போன மாசம் நடுவுல படுதுன்னு சொன்னியே."

"அதுவா? இப்பவும்தான் படுது. இடுப்பும் விட்டுப்போகுது. நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற உடம்பு, சூடு ஏறியிருக்கும்."

"இன்னும் நிக்கலையா?" பெரியவள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, உங்களுக்கு வந்தா ஊருக்கே வரணுமா? என் சீட்டுதான் சுத்தம்னு வந்தாச்சே! பீரோ கதவுல ஒட்டியே வச்சிருக்கேன், போய்ப் பாருங்க. அது சரி, உங்களுக்கு இப்ப எப்படி?"

"எனக்கு அப்பவே நின்னுபோச்சு."

"நின்னா ஆச்சா? கிருமி உள்ளே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்குமே!" சின்னவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாலு மாசம்க்கா! படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டீங்களா? ஒரு உயிரோட இப்படியா விளையாடுறது?"

பெரியவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை. நோயாளியைப் பிடித்துத் திட்டிவிட்டோமே என்று தன் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நாப்பத்தேழு!"

பெரியவள் எழவில்லை.

"எழுந்திருங்கக்கா. பயமா இருந்தா நானும் கூட வரேன்."

"நாப்பத்தேழு யாரும்மா? சீக்கிரம் வாங்க!"

பெரியவள் டோக்கனையும் சீட்டையும் சின்னவளின் மடியில் வைத்தாள்.

"கெட்டது எனக்குத்தான் இருக்கும்னு பயந்தேன்டி. உன் பேர்ல வரட்டும், கல்யாணம் கெடாம நான் கமுக்கமா வைத்தியம் பார்த்துக்கிட்டு, அப்புறம் உன் கால்ல விழுந்து சொல்லிடலாம்னு நினைச்சேன்."

"என்னக்கா உளர்றீங்க?"

"அன்னைக்கு நம்ம ரெண்டு பேர் குப்பியோட லேபிளையும் உரிச்சு மாத்தி ஒட்டிட்டேன். உள்ளே போக வேண்டியவ நீ."