ஒரே பகல் தூரம்

“காலையில ஒன்பதுக்கு ஏறுது, மத்தியானம் மூணுக்கு இறங்குது. ஆறு மணி நேரம்தான் அண்ணே.”

டிராவல்ஸ் கடையில் வாங்கிவந்த விமான நேரத் தாளை விரல்வைத்துப் படித்தார் அப்பா. கதவோரம் நின்ற மகள் மனக்கணக்குப் போட்டாள். ஏறும் நேரம் இந்த ஊர்க் கணக்கு. இறங்கும் நேரம் அந்த ஊர்க் கணக்கு. அந்த ஊர்க் கடிகாரம் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடுவது. ஆக, பயணம் பதினாறரை மணி நேரம்!

அவள் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் பெண் பட்டம் வாங்கலாம். பட்டம்போலப் பறக்கக் கூடாது. கடல் கடந்து மேற்படிப்புக்கு இடம் கிடைத்த நாள்முதல் வீடு நீதிமன்றமாகிவிட்டது. கேட்டால், “பெரியப்பா சொல்லட்டும்” என்று அப்பா நகர்ந்துகொள்வார். பெரியப்பாவோ மரக்கடை முதலாளி. கதவுக்கும் சட்டம் போடுவார், வீட்டுக்கும் சட்டம் போடுவார். போன வாரம் ஒன்று போட்டார்: வெளிச்சத்தில் ஏறி, அன்றே வெளிச்சத்தில் இறங்குகிற ஊரானால் போகலாம், இல்லையேல் பேச்சே இல்லை.

“நல்லாப் பார்த்தியாடா?” என்றார் பெரியப்பா.

“பார்த்தேண்ணே. பெரியவளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பஸ்ல போகவே எட்டு மணி நேரம். இது அதைவிடப் பக்கம்.”

“அப்ப சரி. சொன்ன வாக்கு சொன்னதுதான். போகட்டும்.”

அவள் நெஞ்சிலிருந்து பாறை இறங்கியது. ஆனால், உண்மை உடைந்துவிடுமோ என்ற பயம் மட்டும் இறங்கவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு ஆசிரியர், “அது பூமிக்கே அந்தப் பக்கமாச்சே” என்று அப்பாவிடம் ஆரம்பித்தார். நல்லவேளை, ஜன்னலுக்கு மரம் வந்திருக்கிறது, வாருங்கள் பார்க்கலாம் என்று பெரியப்பா அவரைக் கையோடு கடைக்கு இழுத்துப் போய்விட்டார்.

புறப்படும் நாள் வந்தது. விமான நிலையச் சுவரில் மணி காலை ஆறரை. அப்பா பெட்டிகளோடு எடை போடும் வரிசையில் நின்றார். பெரியப்பா தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கட்டினார். அதில் மணி எட்டு.

“தப்பாக் காட்டுதே பெரியப்பா” என்று திருகப் போனவளின் விரலைப் பிடித்துத் தடுத்தார் அவர்.

“திருகாதே. நீ இறங்குற ஊர்ல இப்ப நேத்து ராத்திரி எட்டு.” வரிசையில் நின்ற தம்பியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “பதினாறரை மணி நேரம் உட்காரணும், நடுநடுவே எழுந்து நடம்மா. உங்கப்பன் காதுல மட்டும் போட்டுடாதே. ‘தூரமா அனுப்பிடாதீங்கண்ணே’ன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினவனே அவன்தான். விமானம் எத்தனை மணிக்கு ஏறுது, எத்தனை மணிக்கு இறங்குதுன்னு விசாரிச்சுட்டுத்தான் நான் அந்தச் சட்டத்தையே போட்டேன்.”