படியோரச் செருப்புகள்

"மாமி! அந்த ஒட்டுப்போட்ட தோல் செருப்புக்காரர் இன்னிக்கும் வந்துட்டாரே! பெரிய ரசிகர்தான் போங்கோ!"

மாடிப்படிக்குக் கீழே நின்று கல்யாணராமன் குரல் கொடுத்தார். மாடியிலிருந்து சூடாமணி எட்டிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

"ஆமாம் சார். தெப்பக்குளம் படத்துக்கு முன்னாடி உட்கார்ந்தா எழுந்துக்கவே மாட்டார்!"

"சரி, மூணு ஜோடி. எழுதிண்டாச்சு."

இடது காலைத் தரையில் இழுத்து இழுத்து அவர் நடக்கும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

மந்தைவெளியில் ஒரு சின்னத் தெரு. ஓர் ஓவிய வாத்தியார் விட்டுப்போன இருபத்திரண்டு படங்களை ஒரு டிரஸ்ட் அந்த மாடியில் மாட்டி, 'பொதுச் சித்திரசாலை' என்று போர்டு வைத்திருந்தது. பார்த்துக்கொள்ள சூடாமணி. யாருமே வருவதில்லை, மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது.

"ஒரு மாசம் பார்ப்போம். தினம் மூணு பேராவது வந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பிரசிடெண்ட் ராஜகோபாலன்.

ஆள் எண்ணும் வேலை செக்ரட்டரி கல்யாணராமனுக்கு. முழங்கால் வலிக்காரர், மாடி ஏறமாட்டார். ஏறவும் வேண்டாம். மயிலாப்பூர்ப் பக்கத்தில் செருப்பைக் கழற்றாமல் யார் மாடி ஏறுகிறார்கள்? கீழே கிடக்கும் செருப்பை எண்ணினால் போதும்.

ஆனால், மாடியில் ஒருவரும் இல்லை.

தோல் செருப்பு, ஆறு வருஷத்துக்கு முன் காலமான சூடாமணியின் கணவருடையது. ரப்பர் செருப்பு, பம்பாயிலிருந்து மாதம் ஒருமுறை பக்கத்து வீட்டு போனில் கூப்பிடும் பையனுடையது. குதிகால் உயர்ந்த சிவப்புச் செருப்பு, மருமகள் எப்போதோ மறந்துவிட்டுப் போனது. தினமும் காலையில் பையில் கொண்டுவந்து படியோரம் வைப்பாள். சாயங்காலம் எடுத்துப் போவாள். வீட்டில் ஒன்றுசேராத குடும்பம் இங்கே வாசலில் சேர்ந்திருந்தது.

சித்திரசாலையை மூடிவிட்டால், பகல் முழுக்கத் தன் ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே சுவரிலாவது மனுஷர்கள் இருந்தார்கள்.

ஆனாலும் பொய் பொய்தானே? கற்பகாம்பாள் சன்னதியில் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாதத்தின் கடைசி நாளன்று பை இல்லாமல் வந்தாள்.

அன்று பார்த்து மழை. ஈ, காக்கைகூட வரவில்லை.

நாலு மணிக்குக் கல்யாணராமன் வந்து வெறும் படியைப் பார்த்தபடி நின்றார். சூடாமணி இறங்கி வந்தாள்.

"சார், இத்தனை நாளா இருந்ததெல்லாம் எங்காத்துச் செருப்பு. ஒருத்தரும் வரலை. உங்களை ஏமாத்திட்டேன்."

அவர் குடையைத் தட்டி ஈரத்தை உதறினார்.

"அஞ்சு மணிக்கு ராஜகோபாலன் வரார். தானே எண்ணிப் பார்க்கணுமாம்."

திரும்பி நடந்துவிட்டார்.

சூடாமணி மேலே போய் ஒவ்வொரு படமாகத் துடைத்தாள். பூக்காரி படத்திடம், "போயிட்டு வரேண்டி" என்றாள்.

ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும். படியில் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு பெருமூச்சு. கல்யாணராமன்தான்! கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறி வந்தார். கையில் மடித்த மஞ்சள் பை. சாவி வாங்க வந்திருக்கிறார் என்று, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினாள்.

"அது இருக்கட்டும் மாமி. செக்ரட்டரின்னு பேரு, ஒரு படம் பார்த்ததில்லை. அந்தத் தெப்பக்குளம் எது?"

காட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"விளக்கெல்லாம் தண்ணியில ஆடறாப்பலயே இருக்கே! என் ஆத்துக்காரி இருந்தப்பவே கூட்டிண்டு வந்து காட்டியிருக்கணும்" என்றார், தனக்குள் பேசுவதுபோல. பிறகு திரும்பாமலே, "முதல் வாரமே மழை கொட்டித்து. அந்தத் தோல் செருப்பு நனையவே இல்லை மாமி" என்றார்.

சூடாமணி தலைகுனிந்தாள்.

கீழே ஆட்டோ வந்து நின்றது.

"கல்யாணம்! ஓய், மேலேயா இருக்கீர்?" ராஜகோபாலனின் குரல். "இந்த மழையிலயும் நாலு ஜோடியா! பலே! நடத்துங்கோ ஓய், நடத்துங்கோ. எனக்கு அடையாறு போகணும், வரேன்!"

ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது.

நாலு ஜோடியா? கூடத்தில் இருப்பவர் ஒருவர்தானே! சூடாமணி படியிறங்கி ஓடினாள்.

படியோரம் நாலு ஜோடி ஆண் செருப்புகள் வரிசையாக இருந்தன. பழசும் புதுசுமாக, நாலும் நன்றாக நனைந்து. நாலிலுமே இடது குதிகால் மட்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது.