இடது காது

"டிங்!" என்று மணி அடித்துப் பலகையில் டோக்கன் எண் நாற்பத்தொன்று ஒளிர்ந்தது. அந்த டோக்கனை வைத்திருந்த பெண் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஏழாம் நம்பர் கவுன்டருக்கு ஓடினாள். பரீட்சைக்குத் தாமதமாக வந்த பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த விசா அதிகாரிக்கு வரிசையில் நிற்பவர்கள் வைத்திருந்த பெயர் 'திரும்பிவா'. யார் எதைக் கொடுத்தாலும், "சரி பண்ணிட்டுத் திரும்பி வாங்க" என்பார். அவளுக்கு இது மூன்றாவது தடவை.

அவள் பாஸ்போர்ட்டின் உறையைக் கழற்றி, போட்டோ உள்ள பக்கத்தைத் திறந்து, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அவர் வாய் திறப்பதற்குள் விண்ணப்பம், அழைப்புக் கடிதம், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

"எதுக்குப் போறீங்க?"

"தங்கச்சியோட பட்டமளிப்பு விழா சார், வர்ற புதன்கிழமை. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவ பேரைக் கூப்பிடும்போது கைதட்ட நான் ஒருத்திதான்."

"கைதட்டிட்டு அங்கேயே தங்கிட மாட்டீங்களே?"

"இங்க வேலை இருக்கு சார். இன்னிக்கே பத்தரைக்குள்ள என் சீட்டுல இருந்தாகணும்."

"சீட்டு எங்கேயும் ஓடிடாதும்மா."

அதற்குள் அவருடைய போன் அடித்தது. மறுமுனையில் மனைவி.

"ஆமா, இன்டர்வியூவுக்குத் திங்கட்கிழமை லீவு சொல்லியாச்சு. நீச்சல் போட்டிக்குத் துணைக்கு நான் வர்றேன்னு பொண்ணுகிட்ட சொல்லு. நீந்துறதை மட்டும் அவ பாத்துக்கட்டும். விசாவா? பேப்பரெல்லாம் பக்கா. என்னையவே ஒருத்தன் திருப்பி அனுப்பிடுவானா?"

அவள் முதல்முறையாக அவர் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையைப் படித்தாள். பிறகு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

போனை வைத்தவர் ஸ்கேலை எடுத்து அவள் போட்டோவை அளந்தார். உயரம் சரி. அகலம் சரி. பின்னணியும் வெள்ளைதான். அவர் முகம் வாடியது. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார், மலர்ந்தது.

"இடது காது எங்கம்மா?"

"முடி லேசா மறைச்சிருக்கு சார். கம்மல் தெரியுதே."

"விசா கம்மலுக்கா, உங்களுக்கா? ரெண்டு காதும் முழுசாத் தெரியணும்."

"போன வாரமும் இதே போட்டோதானே சார்?"

"போன வாரம் கடிதத்துல சீல் இல்லை, அதோட நிறுத்திட்டேன். ஒரு தடவைக்கு ஒரு தப்புதான் சொல்லுவேன்."

"கீழே ஸ்டுடியோ இருக்கு. பத்து நிமிஷத்துல எடுத்துட்டு வந்துடறேன்."

"இன்னிக்கு உங்க டோக்கன் முடிஞ்சுது. திங்கட்கிழமை, சரி பண்ணிட்டுத் திரும்பி வாங்க. எனக்குப் பதிலா வேற ஆள் இருப்பார்."

"திங்கட்கிழமை என்னால வர முடியாது சார்."

"தங்கச்சியைவிட வேலை பெருசா? ஒரு நாள் லீவு போடுங்க."

"போடலாம். போட்டா உங்களுக்குத்தான் சார் கஷ்டம்."

"எனக்கென்னம்மா கஷ்டம்?"

அவள் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தட்டிச் சீராக்கி, பாஸ்போர்ட்டுக்கு உறையை மாட்டினாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். எதிர்க் கட்டடத்தில் வேறொரு நாட்டுக் கொடி பறந்தது. அதன் வாசலிலும் நீளமாக ஒரு விசா வரிசை நின்றது.

"அங்க நாலாம் நம்பர் கவுன்டர்ல உட்கார்றது நான்தான் சார். உங்க ஃபைல் நேத்தே என் மேசைக்கு வந்துடுச்சு, திங்கட்கிழமை நீங்க வர்றது என்கிட்டதான். போட்டோல தலையை ரொம்பச் சாய்ச்சிருக்கீங்க."

அவர் கை தானாகப் போய் இடது காதைத் தொட்டது.

"அதேதான் சார், அந்தக் காதுதான் தெரியலை."