சாரி மேடம்

நகரத்தின் மண்டி மொஹல்லா பகுதியில் ஒரு மாடியறையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடக்கிறது. இன்று நடித்துப் பழக ஓட்டல் காட்சி. ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து படிக்கும் வினிதாவுக்கு இன்றும் பணிப்பெண் வேடம்தான். சொல்ல வேண்டியது "சாரி மேடம்" மட்டும். விருந்தாளியாக நடிக்கும் லிசா, அழுக்கென்று துண்டை அவள் காலடியில் வீசுகிறாள். வகுப்பே சிரிக்கிறது. ஜன்னல் வெயிலில் வினிதாவின் காது மடல்கள் சிவந்து கொதிக்கின்றன. "நோ! ஐ வோன்ட் சே சாரி. யூ த்ரூ இட், யூ பிக் இட்! வொய் ஆல்வேஸ் மீ, சார்? பிகாஸ் ஐ ஆம் ஃப்ரம் வில்லேஜ்?" என்று திக்காமல் திணறாமல் கத்துகிறாள். சிரிப்பு அடங்குகிறது. ஆசிரியர் டேவிஸ் முகம் மலர்ந்து கைதட்டுகிறார். "சூப்பர் வினிதா! இப்படித்தான் நடிக்கணும்!" துண்டை மிதித்தபடி அவள் அவரை நேராகப் பார்க்கிறாள். "நான் நடிக்கலீங்க சார்."