பசறை ரோட்டில் பஞ்சர்

ஜாக்கி அடிக்கும்போது வேனுக்குள் ஆள் இருக்கக் கூடாது. ஜொனிக்குத் தெரியாததல்ல. ஆனால் ரொஷானி தூங்கிப்போயிருந்தாள்.

பின் சக்கரம் பஞ்சர். வளைவு தாண்டி, தேயிலை ஓரமாக ஒதுக்கி நிறுத்த இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

வேன் மிப்ரான் முதலாளியுடையது. உள்ளேயே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்துத் தூங்கி மலையைச் சுற்றிப் பார்ப்பார்கள். இந்த முறை வந்தவர்களைப் பதுளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் கிளினிக் முடித்து நின்ற மனைவி ரொஷானியை ஏற்றிக்கொண்டான் ஜொனி. முதலாளியிடம் கேட்டுத்தான். அவளை விட்டுவிட்டு இருட்டுமுன் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். விடிந்தால் அடுத்த கூட்டம்.

விட வேண்டிய இடம் வீடல்ல, பள்ளிக்கூடம். அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மேலே மலை வெடிப்பு விட்டதிலிருந்து தோட்டத்துச் சனமெல்லாம் அந்த மண்டபத்தில்தான்.

எட்டு மாத வயிற்றோடு சிமெந்துத் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறாள். தூங்குகிறாள் என்பது பேச்சுக்குத்தான். யாராவது இருமுவார்கள். பிள்ளை அழும். கூரையில் மழை விழுந்தால் மொத்த மண்டபமும் எழுந்து உட்கார்ந்துவிடும்.

வேன் நின்றதும் அவள்தான் கேட்டாள்.

"நீங்க டயர் மாத்துற வரைக்கும் அந்தக் கட்டில்ல சும்மா முதுக சாச்சிக்கிறேங்க."

சாய்த்தவள்தான்.

ஜொனி இரண்டு தரம் எழுப்பப் போனான். வாய் வரவில்லை. வீங்கிய பாதங்கள் இரண்டும் மெத்தையில் தளர்ந்து கிடந்தன. கல்யாணமான புதிதில் இப்படித் தூங்கியவள்.

இவனுக்கும் தூக்கமில்லைதான். ஆண்பிள்ளை, ஸ்டியரிங்கில் கொஞ்சம், கக்கூஸ் வரிசையில் கொஞ்சம் என்று ஒப்பேற்றிவிடுகிறான்.

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தான். போதாதென்று இன்னும் இரண்டு வைத்தான். நட்டுகள் இறுகிக் கிடந்தன. ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தால் சுலபம், ஆனால் வேன் குலுங்கும். கையாலேயே முக்கித் திருகினான். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஜாக்கியை மெல்ல மெல்ல ஏற்றினான்.

ஸ்பெயார் வீல் ஏறியது. புது டயர், கல்லு மாதிரி இருந்தது. ஜாக்கியை இறக்கி, நட்டுகளை முறுக்கி, கையைத் துடைத்தான். மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது. இனிப் பத்து நிமிடத்தில் பள்ளிக்கூடம், அந்தச் சிமெந்துத் தரை.

சாவியைக் கையில் எடுத்தவன் கதவைத் திறக்காமல் நின்றான்.

போன் அடித்தது. ஓடிப்போய், வேனைவிட்டுத் தள்ளி நின்று எடுத்தான். முதலாளி. பஞ்சரானதும் இவன் போனில் சொல்லியிருந்தான்; டயர் மாட்டியாகிவிட்டதா என்று கேட்டார். கோபமில்லாமல் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இல்லீங்க மொதலாளி. ஸ்பெயார் வீல்லயும் காத்து இல்லீங்க. காலையிலதான் கடை தொறப்பாங்க."

 முதலாளி வேறு வண்டி பார்ப்பதாகவும், காலையில் தன்னை வந்து பார்க்கும்படியும் சொல்லி வைத்துவிட்டார். வேலை இருக்குமோ போகுமோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

ஜொனிக்குக் காது சுட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதன். சொன்னதைப் பொய்யாகவே விட்டுவைக்க மனம் கேட்கவில்லை.

புது டயரின் பக்கத்தில் குந்தினான். வால்வு மூடியைக் கழற்றி, நெருப்புக்குச்சியை வைத்து அழுத்தினான். காற்று சீறியது. பதறிப்போய்க் கையை எடுத்து, வேனுக்குள் காது கொடுத்தான். அசைவில்லை.

பிறகு, அவளுக்குக் கேட்காதபடி, விட்டு விட்டு அழுத்தினான்.